மாநிறம் பிழையன்று

காரைக்காலில் ஆனிப் பௌர்ணமியையொட்டி மாங்கனித் திருவிழா நடைபெறுகிறது. பிட்சாடனர் வீதியுலா வருகையில் மாடிகளிலிருந்து பக்தர்கள் மாங்கனிகளை இறைக்கிறார்கள். கனியைப் பிடிக்க நீளும் கைகளோடு இப்போது கைப்பேசிகளும் உயர்கின்றன. அவற்றில் பதிவான காட்சிகளை ஒன்றாக அடுக்கிப் பார்த்தால், தெருவும் வெயிலும் ஒன்றாயிருக்க, ஒன்றில் கூட்டம் நீலம் பாய்ந்தும், இன்னொன்றில் கருத்தும், வேறொன்றில் வெளிறியும் தெரியும்.

கேமரா நிறத்தை அறிவதில்லை, ஊகிக்கிறது. ஒரு காட்சியின் நிறங்களையெல்லாம் கலந்தால் சாம்பல் வரும் என்பது தானியங்கி வெள்ளைச் சமநிலையின் பழைய அனுமானம். மஞ்சளும் காவியும் நிறைந்த தெருவில் அது பொய்த்துப்போகிறது. வெளிச்சமே மஞ்சளென்று எண்ணி நீலத்தைக் கூட்டிவிடுகிறது. பின்னணியில் வெளுத்த வானம் இருந்தால் ஒளியைக் குறைக்க, முகங்கள் இருண்டுவிடுகின்றன.

இவற்றைச் சீராக்குவதே வண்ணத் திருத்தம். முதலில் ஒளியளவு, பிறகு வெள்ளை. வெள்ளைக்கு அடையாளமாகப் பலரும் வேட்டியைக் கொள்வார்கள். சொட்டுநீலம் போட்டு வெளுத்த வேட்டியாயின் அதில் மெல்லிய நீலம் இருக்கும்; அதை நம்பித் திருத்தினால் படம் முழுவதும் மஞ்சளுக்குச் சாயும். சாம்பல் அட்டை ஒன்றைச் சில நொடி படம்பிடித்து வைத்துக்கொள்வது நல்லது.

திருத்தம் முடிந்த பின்னரே கிரேடிங், அதாவது கதைக்கேற்ற மனநிலையை வண்ணத்தால் அமைத்தல். படச்சுருள் காலத்தில் பிரதி எடுக்கையில் சிவப்பு, பச்சை, நீல ஒளிகளைக் கூட்டிக் குறைத்து ஆய்வகத்தினர் இதைச் செய்தனர். 2000-இல் வெளிவந்த ‘ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ?’ என்ற அமெரிக்கப் படத்தில் பச்சைப் பசேலென்ற நிலம் கணினியில் காய்ந்த பழுப்பாக்கப்பட்டது. பெரும் ஸ்டூடியோக்களுக்கே எட்டிய டாவின்சி கருவியை 2009-இல் பிளாக்மேஜிக் நிறுவனம் வாங்கியது; பின்னர் இலவசப் பதிப்பையும் வெளியிட்டது. இன்று காரைக்காலில் ஒரு வீட்டுக் கணினியிலேயே இதைப் பழகலாம்.

கருவி எளிதாகிவிட்டது, பழகுபவரின் மனச்சாய்வு மாறவில்லை. திருமணக் காணொளிகளில் ‘கரெக்ஷன்’ என்றாலே மணமகளை வெளுக்கச் செய்வது என்றாகிவிட்டதை நான் கவலையோடு பார்க்கிறேன். வெளுத்த முகத்துக்குக் கீழே கைகள் தம் நிறத்திலேயே இருக்கும். குங்குமம் இளஞ்சிவப்பாகி, தங்கம் தகரம்போல் மங்கும். குடும்பத்தார் கேட்கிறார்கள் என்பது உண்மையே. ஆனால், தன் மாநிறம் பிழையெனத் திருத்தப்பட்டதை அப்பெண் ஆயுள் முழுவதும் பார்க்க வேண்டியிருக்கிறது.

தொழில்நுட்பமும் இதை ஆதரிக்கவில்லை. வெக்டர்ஸ்கோப் என்னும் அளவியில் சருமத்துக்கென ஒரு கோடு உண்டு. சிவப்புக்கும் மஞ்சளுக்கும் இடையிலுள்ள அக்கோட்டை ஒட்டியே கறுத்த, மாநிற, வெளிறிய சருமங்கள் யாவும் அமைகின்றன. வேறுபாடு பெரும்பாலும் ஒளியளவிலும் செறிவிலும்தான். ஒருகாலத்தில் மேலை ஆய்வகங்கள் ‘ஷெர்லி அட்டை’ எனப்பட்ட வெள்ளைப் பெண்ணின் படத்தைக் கொண்டே வண்ணத்தைச் சரிபார்த்தன. அதன் பாதிப்பு கறுத்த முகங்களில் தெரிந்தது. நம்மிடமோ இயற்கை ஒளியில் மாநிறத்தின் அழகைக் காட்டிய பாலு மகேந்திராவின் மரபு இருக்கிறது.

நிழலில் புதைந்த முகத்தை மீட்பது திருத்தம். நேரில் இருந்த நிறத்தைக் கடந்து வெளுப்பது அழிப்பு. எல்லையை அறியக் கழுத்தையும் கையையும் முகத்தோடு ஒப்பிட்டால் போதும்.

பழக விரும்புவோர் ஆயத்த வண்ண வார்ப்புகளை முதலில் தொடாதிருப்பது நல்லது. காரைக்கால் கடற்கரையில் ஒரே நண்பரைக் கதிர் எழும்போதும், உச்சி வெயிலிலும், ஊருக்குப் பின்னால் ஞாயிறு இறங்கும்போதும் படம்பிடியுங்கள். மூன்று காட்சிகளிலும் சருமம் ஒத்துவரும்வரை கையால் திருத்துங்கள். பக்கத்தில் அந்த நண்பரையே அமர்த்திக்கொண்டு செய்தால் இன்னும் விரைவில் கைவரும்.