தூக்கத்தில் நின்றுபோகும் இளம் இதயங்கள்

நோய்நொடி தெரியாத முப்பது வயதுக்காரர் இரவு படுத்து, காலையில் எழவில்லை. 'மாரடைப்பு' என்று சொல்லி, பதினாறாம் நாள் காரியத்தோடு அந்தப் பேச்சை முடித்துவிடுகிறோம். சுங்கை பாக்காப்பிலும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் வாழும் நம் குடும்பங்கள் அத்தோடு நின்றுவிடக் கூடாது. இறந்தவருக்கு இருந்த அதே கோளாறு அவருடைய தம்பிக்கும் பிள்ளைக்கும் இருக்கக்கூடும்.

அடைப்பு இல்லாத மரணம்

இதயச் செல்களில் சோடியம், பொட்டாசியம் போய்வர நுண்ணிய வாயில்கள் உண்டு. அவற்றை உருவாக்கும் மரபணு பழுதானால், இரத்தக்குழாயில் அடைப்பே இல்லாமல் துடிப்பு தாறுமாறாகி நின்றுவிடக்கூடும். 1992இல் மருத்துவர்களான புருகாடா சகோதரர்கள் விவரித்த, அவர்கள் பெயரையே கொண்ட நோய் அத்தகையது. தென்கிழக்காசிய ஆண்களிடம் அதிகம். தூக்கத்தில் தாக்கும், காய்ச்சலில் தீவிரமாகும். 'நீண்ட கியூடி' என்னும் இன்னொரு வகையில் நீச்சலோ திடுக்கிட வைக்கும் அலார ஒலியோ போதும். பிறவியிலேயே காது கேளாத பிள்ளை அடிக்கடி மயங்கி விழுந்தால், இதன் அரிய வடிவமாக இருக்கலாம். சொந்தத்தில் மணமுடித்தோரின் பிள்ளைகளுக்கு அதன் வாய்ப்பு கூடுதல்.

நம் வழியில் வந்த குறை

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆய்வைத் தொடங்கிய தண்டபாணியும், ஐதராபாத்தின் தங்கராஜும் பிறரும் 2009இல் வெளியிட்ட ஆய்வு நம்மை நேரடியாகத் தொடுவது. இதயத்தசைப் புரதம் ஒன்றின் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருப்பதை, தெற்காசியரில் ஏறக்குறைய 4 விழுக்காட்டினரிடம் கண்டார்கள். தசை நோயுற்றால் துடிப்பும் தடுமாறும். ஆனால் இதைச் சுமக்கும் எல்லாரும் நோயாளிகள் அல்லர். அதோடு இன்னொரு மாற்றமும் சேர்ந்தவர்களுக்கே தசை தடிக்கும் அபாயம் அதிகம் என்று பின்னர் வந்த ஆய்வு காட்டியது. அஞ்ச வேண்டாம், விசாரியுங்கள்.

யார் சோதிக்க வேண்டும்?

நாற்பதுக்குள் திடீரென இறந்தவரின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் அனைவரும். புருகாடா போன்றவற்றில் பழுதான மரபணு ஒவ்வொரு பிள்ளைக்கும் கடந்துசெல்ல ஐம்பது விழுக்காடு வாய்ப்புண்டு. முதலில் ஈசிஜியும் எக்கோவும் எடுக்க வேண்டும். வீட்டில் நடந்த மரணத்தை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அதுவே சோதனையின் திசையைத் தீர்மானிக்கும். ஒருமுறை ஈசிஜி சரியாக வந்ததால் மட்டும் ஆபத்தில்லை என்று ஆகிவிடாது. ஓடும்போது மயங்கிய பிள்ளையை வலிப்பு என்று மட்டும் நினைத்து வைத்தியம் பார்ப்பது பெரிய ஆபத்து.

பிரேதப் பரிசோதனையை மறுக்காதீர்கள். இதயம் பார்வைக்கு நலமாகத் தோன்றினாலும், எடுத்துவைத்த இரத்தத்தில் மரபணுச் சோதனை செய்ய வழியுண்டு.

நோய் தெரிந்தால் மாத்திரை உண்டு. ஆபத்து மிகுந்தோருக்கு நெஞ்சில் பொருத்தும் மின்னதிர்ச்சிக் கருவியும் உண்டு. கண்ணெதிரே ஒருவர் விழுந்து மூச்சற்றுக் கிடந்தால் 999ஐ அழைத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை நடுநெஞ்சை விடாமல் அழுத்துங்கள்.