தந்தையின் கடன், தாயின் அலைச்சல்: உப்பளக் கரையிலிருந்து பராமரிப்புச் சட்டத்தைப் பார்த்தல்

மரக்காணம் உப்பளங்களில் ஆண்டின் தொடக்கத்தில் பாத்திகளைச் சீர்செய்யும் வேலை தொடங்குகிறது. வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் வேலை நின்றுவிடும், கூலியும் நின்றுவிடும். பராமரிப்பு வழக்குத் தொடுக்க வேண்டும் என்று என்னைத் தேடி வரும் உப்பளத் தாய்மார்களில் பலர் அந்த மழை மாதங்களில்தான் வருகிறார்கள். கணவன் விட்டுச் சென்று இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகியிருக்கும். "இத்தனை நாள் ஏன் வரவில்லை?" என்று கேட்பது வழக்கறிஞர்களின் கெட்ட பழக்கம். தொடக்கத்தில் நானும் கேட்டிருக்கிறேன். உப்பு வாரும் காலத்தில் நீதிமன்றத்துக்குப் பேருந்து ஏறினால் அன்றைய கூலி போய்விடும். இதைத் தவிர அவர்களிடம் வேறு விடை இல்லை.

குழந்தையைப் பராமரிப்பது தந்தையின் விருப்பத்தைச் சார்ந்த உதவி அன்று, சட்டக் கடமை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவாக நாம் அறிந்திருந்த இந்த உரிமை, 2024 சூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவாக நடைமுறையில் உள்ளது. எந்த மதத்தவருக்கும் இது பொருந்தும். எனவே கிறித்தவம் தழுவிய தலித் குடும்பங்கள் தங்களுக்கு இதில் இடமில்லை என்று எண்ண வேண்டியதில்லை. மனைவி தான் வசிக்கும் ஊருக்குரிய நீதிமன்றத்திலேயே மனுச் செய்யலாம். கணவன் சென்னையில் கட்டட வேலை செய்தாலும் அவனைத் தேடி அவள் அங்கு போக வேண்டியதில்லை.

இப்பிரிவில் நம் மக்கள் கட்டாயம் அறிய வேண்டிய ஒரு சொற்றொடர் உண்டு. திருமண உறவில் பிறந்த குழந்தைக்கும் அதற்கு வெளியே பிறந்த குழந்தைக்கும் தந்தை பராமரிப்புத் தொகை தர வேண்டும் என்கிறது சட்டம். திருமணம் செய்வதாக நம்பவைத்து, கருவுற்றதும் சாதியைக் காரணம் காட்டி விலகும் ஆதிக்கசாதி ஆண்களுக்கு எதிராக இச்சொற்றொடர் ஓர் ஆயுதம். ஊர்ப் பஞ்சாயத்து ஒரு தொகையைக் கையில் திணித்து "இனி உரிமை கோர மாட்டேன்" என்று தாயிடம் கையெழுத்து வாங்குவதுண்டு. உரிமை குழந்தையுடையது. அதை விட்டுக்கொடுக்கும் அதிகாரம் தாய்க்கே இல்லாதபோது பஞ்சாயத்துக்கு எங்கிருந்து வரும்? அக்குழந்தையின் சாதிச் சான்றிதழ் தனிக் கேள்வி. ஆனால் தலித் தாயால் வளர்க்கப்பட்டு, அச்சமூகத்தின் இழிவுகளைச் சுமந்து வளர்ந்த பிள்ளை, தந்தையின் சாதியைத் தாண்டித் தன் நிலையை நிறுவலாம் என்று உச்ச நீதிமன்றம் 2012இல் ரமேஷ்பாய் தபாய் நாயிகா வழக்கில் கூறியிருப்பதை நினைவில் வையுங்கள்.

தொகைக்கு வருவோம். மாதம் 500 ரூபாய்க்கு மேல் ஆணையிட முடியாது என்றிருந்த வரம்பை நாடாளுமன்றம் நீக்கியது 2001இல்தான். இடைக்காலத் தொகை கோரும் மனுவை, அறிவிப்புச் சார்பு செய்யப்பட்ட நாளிலிருந்து இயன்றவரை 60 நாள்களுக்குள் முடிக்க வேண்டும் என்ற விதியும் அப்போது சேர்ந்தது. "இயன்றவரை" என்ற சொல் எத்தனை வாய்தாக்களை விழுங்கும் என்பது நீதிமன்ற வராந்தாவில் காத்திருந்தவர்களுக்குத் தெரியும். 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேகா வழக்கில் உச்ச நீதிமன்றம் இரண்டு முக்கியமான விதிகளை வகுத்தது. ஒன்று, இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் ஆகியவற்றை உறுதிமொழிப் பத்திரத்தில் வெளியிட வேண்டும். மற்றொன்று, பராமரிப்புத் தொகை மனுச் செய்த நாளிலிருந்து கணக்கிடப்பட வேண்டும். "எனக்கு வேலையில்லை" என்ற வாதத்துக்கும் விடை உண்டு. உடல் நலமுள்ள ஆண், கூலி வேலை செய்தேனும் மனைவி மக்களைக் காக்க வேண்டும் என்று அஞ்சு கார்க் வழக்கில் 2022இல் அதே நீதிமன்றம் கூறியது.

ஆணை கிடைத்த பிறகுதான் உண்மையான அலைச்சல் தொடங்குகிறது. அரசு ஊழியர் என்றால் சம்பளத்தில் பிடித்தம் கேட்கலாம். உப்பளக் கூலிக்கும் படகுக் கூலிக்கும் சம்பளச் சீட்டே கிடையாது. ஒவ்வொரு மாத நிலுவைக்கும் ஒரு மாதம் வரை சிறை உண்டு. ஆனால் தொகை செலுத்த வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் நிறைவேற்று மனுப் போட வேண்டும். தவறினால் அந்த நிலுவைக்குப் பிடியாணை பெற முடியாது. சிறைக்குப் போய் வந்தால் கடன் தீர்ந்தது என்று சொல்வோருக்கு, 1989இல் குல்தீப் கவுர் வழக்கின் தீர்ப்பு விடையளித்துவிட்டது: சிறை கடனை வசூலிக்கும் வழி, கடனைத் தீர்க்கும் வழி அன்று.

இங்கே எனக்கொரு தயக்கமும் உண்டு. சிறைக்கு எளிதில் அனுப்பப்படுபவன் வறியவன்தான். வருமானத்தை உறவினர் பெயரில் ஒளித்துவைக்கும் வசதி படைத்தவன் தப்பிவிடுகிறான். அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டின் நலச் சட்டம், நிலுவை வைத்த தந்தையரின் ஓட்டுநர் உரிமத்தைப் பறிக்கவும், உதவி பெறும் குடும்பத்துக்காக வசூலித்த தொகையை மாநிலங்கள் தாமே வைத்துக்கொள்ளவும் வழி செய்தது. வறிய தந்தையிடமிருந்து பிடுங்கிய பணம் குழந்தையின் தட்டுக்குப் போகாமல் கருவூலத்துக்குப் போயிற்று. "பொறுப்புள்ள தந்தைமை" என்ற முழக்கம் கூலியைப் பற்றிப் பேசாமல் ஒழுக்கத்தை மட்டும் போதித்தால், நம் சேரிகளிலும் அதுவே நடக்கும். அதற்காக ஓடிப்போன தந்தைக்கு வறுமை மன்னிப்புச் சீட்டாகிவிடாது. அவன் விட்டுச் சென்ற தாயும் அதே உப்பளத்தில்தான் கூலி வேலை செய்கிறாள்.

சரியான வழி ஜெர்மனியில் இருக்கிறது. 1980 முதல் அங்கு, தந்தை தராத பராமரிப்புத் தொகையை அரசே முன்பணமாகக் குழந்தைக்கு வழங்கிவிட்டுப் பின்னர் தந்தையிடம் வசூலிக்கிறது. துரத்தும் வேலை தாயிடமிருந்து அரசுக்கு மாறுகிறது. தமிழ்நாட்டில் கைவிடப்பட்ட பெண்களுக்கான ஓய்வூதியம் இருக்கிறது. ஆனால் அதைப் பெற 30 வயது நிரம்பியிருக்க வேண்டும். கைவிடப்பட்டு 5 ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும், அல்லது சட்டப்படி பிரிந்ததற்கான நீதிமன்றச் சான்று வேண்டும். 22 வயதில் கைக்குழந்தையோடு நிற்பவள் என்ன செய்வாள்? ஒன்றிய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில், கைவிடப்பட்ட தாயின் குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் வரை நிதியாதரவு பெற வழியுண்டு. ஊரகத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும். முன்பணத் திட்டத்தை மாநில அரசு கொண்டுவரும்வரை இதையாவது ஊர்தோறும் சொல்ல வேண்டும்.

கல்லூரியில் படிக்கும் தங்கைகளுக்கு ஒரு செய்தி: 18 வயதானதும் உரிமை முடிந்துவிடுவதில்லை. இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம், 1956இன் 20ஆம் பிரிவின்படி, தன்னைப் பராமரித்துக்கொள்ள இயலாத திருமணமாகாத மகள் உரிமையியல் வழக்குத் தொடுக்கலாம்.

வழக்கறிஞர் கட்டணத்துக்கு அஞ்ச வேண்டாம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் அனைவருக்கும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு (1987ஆம் ஆண்டின் சட்டம், பிரிவு 12, உதவி எண் 15100). குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிச் செலவுக் குறிப்புகள், தந்தை வேலை செய்யும் இடம் பற்றி அறிந்தவை ஆகியவற்றைக் கொண்டுவாருங்கள். எல்லா ஆவணமும் சேரட்டும் என்று மனுவைத் தள்ளிப்போடாதீர்கள். மனுப் போடாமல் கழிந்த மாதங்களின் தொகை கணக்கில் வராது.