கார் பெயின்ட் கீறல்களை நீங்களே நீக்கலாமா? டிஏ பாலிஷர் வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

கழக்கூட்டம் டெக்னோபார்க்கில் வேலை முடித்து, இரவு பெட்ரோல் பங்க்கில் வரிசையில் நிற்கிறீர்கள். மேலே இருக்கும் வெள்ளை எல்இடி வெளிச்சம் பானட்டில் விழுகிறது. காலையில் பளபளவென்று இருந்த அதே கறுப்பு கார்தான். இப்போது விளக்கின் பிம்பத்தைச் சுற்றி, சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகக் கீறல்கள். வாங்கி மூணு வருஷம்கூட ஆகலையே!

டீடெய்லிங் கடையில் கேட்டால் "பெயின்ட் கரெக்‌ஷன் பண்ணிட்டு செராமிக் கோட்டிங் போட்டுடலாம்" என்கிறார்கள். அவர்கள் சொல்லும் தொகையைக் கேட்டுவிட்டு ஆன்லைனில் தேடினால் 'டியூயல் ஆக்‌ஷன் பாலிஷர்', சுருக்கமாக டிஏ, என்ற பெயரில் வரிசையாக மெஷின்கள். விலைக்கு விலை பெரிய வித்தியாசம். எதை வாங்குவது? உண்மையில் வாங்கத்தான் வேண்டுமா?

இந்தக் கீறல்கள் எங்கிருந்து வருகின்றன?

முதலில் ஒரு விஷயம். இவை வட்டக் கீறல்களே இல்லை. எல்லாத் திசையிலும் ஓடும் நுண்ணிய நேர்க்கோட்டுக் கீறல்கள். விளக்கொளி விழும் கோணத்துக்குக் குறுக்கே இருப்பவை மட்டும் மின்னுவதால், கண்ணுக்கு வட்டமாகத் தெரிகின்றன. தலையை நகர்த்திப் பாருங்கள், வட்டமும் கூடவே நகரும்.

காரணம் பெரும்பாலும் துடைப்பதுதான். டெக்னோபார்க் பார்க்கிங்கில் நிற்கும் கார்கள் மேல் செம்மண் தூசியும் நெடுஞ்சாலைப் புழுதியும் படிகின்றன. கடல் சில கிலோமீட்டரில் இருப்பதால் உப்பு ஈரமும் சேர்கிறது. அதை உலர்ந்த துணியால் ஒரு இழு இழுத்தால், மண் துகள் ஒவ்வொன்றும் உப்புத்தாள் வேலையைச் செய்யும். அபார்ட்மென்ட்டில் தினமும் காலையில் ஒரே வாளி, ஒரே துணியோடு பத்து கார் துடைக்கும்போதும் இதேதான் நடக்கிறது. அதில் துடைப்பவர் தவறு எதுவும் இல்லை. ஒரு காருக்கு அவருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள், நாம் கொடுத்திருப்பது ஒரு பழைய துணி.

கீறலை 'நீக்குவது' என்றால் என்ன?

இன்றைய கார்களில் பெயின்ட் என்பது பல அடுக்கு. இரும்புத் தகட்டின் மேல் துரு தடுக்கும் பூச்சு, அதன் மேல் பிரைமர், பிறகு நிறம் தரும் பேஸ் கோட், கடைசியாக நிறமில்லாத கிளியர் கோட். எல்லாம் சேர்ந்தே பல கார்களில் சுமார் 100 முதல் 140 மைக்ரான்தான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அலுவலக பிரிண்டரில் போடும் ஏ4 தாளின் தடிமன் சுமார் 100 மைக்ரான்.

இதில் கிளியர் கோட் மட்டும் சுமார் 35 முதல் 50 மைக்ரான். அதாவது அந்தத் தாளில் பாதிக்கும் குறைவு. மேலோட்டக் கீறல்கள் இந்த அடுக்கில்தான் இருக்கின்றன. பாலிஷ் செய்வது கீறலை நிரப்புவது கிடையாது. கீறலின் ஆழம் வரை சுற்றியுள்ள கிளியர் கோட்டைச் சீவி சமப்படுத்துவது. காம்பவுண்ட் போட்டு ஒரு சுற்று வெட்டினால் பொதுவாக 1 முதல் 3 மைக்ரான் போகும்.

போனது திரும்ப வராது. வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து நிறத்தைக் காப்பதும் இந்த அடுக்குதான். அது மெலிந்துபோனால் சில வருட வெயிலில் தோல் உரிவது போல உரியும், அப்புறம் ரீபெயின்ட் தவிர வேறு வழியில்லை. ஆகவே முழு கரெக்‌ஷன் என்பது ஒரு காரின் ஆயுளில் விரல்விட்டு எண்ணும் தடவைகள் மட்டுமே செய்யக்கூடியது. கடைசியில் வரும் கணக்குக்கு இது முக்கியம், நினைவில் வையுங்கள்.

ஒரு எளிய சோதனை: கீறலின் குறுக்கே நகத்தை மெதுவாக ஓட்டுங்கள். நகம் மாட்டினால் கீறல் ஆழமானது. அதை பாலிஷ் போட்டு முழுதாக எடுக்க முயலாதீர்கள்.

ரோட்டரிக்கும் டிஏ-வுக்கும் என்ன வித்தியாசம்?

ரோட்டரி மெஷினில் பேட் ஒரே அச்சில், மோட்டாரோடு நேரடியாகப் பிணைந்து சுற்றும். 150 மி.மீ. பேட் நிமிடத்துக்கு 1,500 தடவை சுற்றினால், அதன் விளிம்பு ஒரு நிமிடத்தில் சுமார் 707 மீட்டர் ஓடுகிறது. நடுவில் கிட்டத்தட்ட பூஜ்யம். ஒரே இடத்தில் கொஞ்ச நேரம் நின்றால் சூடு ஏறி கிளியர் கோட் கருகிவிடும். கை பழகாதவர்கள் செய்தால், வெயிலில் அலை அலையாகத் தெரியும் 'ஹாலோகிராம்' தடங்கள் விழும்.

டிஏ-வின் அசைவு பூமி மாதிரி. தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும், கூடவே ஒரு சின்ன வட்டப் பாதையிலும் ஓடும். வட்டப் பாதையில் ஓட்டுவது மட்டும்தான் மோட்டாரின் வேலை. பேட்டின் சுழற்சி ஒரு பேரிங் மூலம் தானாக நடப்பது. அளவுக்கு மீறி அழுத்தினால் சுழற்சி நின்றுவிடும். கற்றுக்கொள்பவருக்கு இதுவே பாதுகாப்பு, அதனால்தான் முதல் மெஷினாக டிஏ-வைச் சொல்கிறார்கள்.

மூன்றாவது ஒரு வகையும் உண்டு. சுழற்சி, வட்டப் பாதை இரண்டையுமே கியர் மூலம் கட்டாயமாக இயக்கும் 'ஃபோர்ஸ்டு ரொட்டேஷன்' டிஏ. ஜெர்மனியின் ஃப்ளெக்ஸ் நிறுவனத்தின் எக்ஸ்சி 3401 இதற்கு நன்கு தெரிந்த உதாரணம். அழுத்தினாலும் நிற்காது, நன்றாக வெட்டும். ஆனால் அந்தப் பாதுகாப்பு குறைகிறது. முதல் மெஷினுக்கு வேண்டாம்.

8, 15, 21 என்ற எண்கள் எதைச் சொல்கின்றன?

விளம்பரத்தில் மோட்டார் வாட்ஸ்தான் பெரிதாக இருக்கும். நீங்கள் முதலில் தேட வேண்டியது 'திரோ'. பேட் ஓடும் அந்தச் சின்ன வட்டத்தின் விட்டம் அது, மி.மீ. கணக்கில். இத்தாலியின் ரூபெஸ் நிறுவனத்தின் எல்ஹெச்ஆர் 15, எல்ஹெச்ஆர் 21 என்ற மாடல் பெயர்களில் உள்ள எண்ணும் இதுவே.

நிமிடத்துக்கு 4,000 வட்டம் என்ற ஒரே வேகத்தில், பேட்டின் ஒரு புள்ளி வட்டப் பாதையில் ஓடும் தூரம் இப்படி வருகிறது:

• 8 மி.மீ.: சுமார் 100 மீட்டர்
• 15 மி.மீ.: சுமார் 188 மீட்டர்
• 21 மி.மீ.: சுமார் 264 மீட்டர்

தூரம் கூடினால் அதே நேரத்தில் வேலை அதிகம் நடக்கும். 8 மி.மீ. மெஷின்கள் வேகத்தைக் கூட்டி இதைச் சரிக்கட்டப் பார்க்கும். போர்ட்டர்-கேபிள் 7424எக்ஸ்பி போன்ற பழைய பிரபல மாடல் 6,800 வரை போகும். அப்போதும் சுமார் 171 மீட்டர்தான்.

அப்படின்னா 21-ஐ வாங்கிடலாமா? அவசரப்படாதீர்கள். பெரிய திரோ மெஷின் தட்டையான, அகலமான இடங்களில்தான் நன்றாக ஓடும். வளைவுகளில் பேட்டின் சுழற்சி எளிதாக நின்றுவிடும். நம்ம ஊர் ஹேட்ச்பேக், காம்பாக்ட் எஸ்யூவி கதவுகளில் தட்டையான இடத்தைவிட மடிப்பும் வளைவும்தான் அதிகம். ஒரு கார், ஒரு மெஷின் என்றால் 5 அங்குல பேக்கிங் பிளேட்டோடு 15 மி.மீ. திரோ என்பது நடுநிலையான தேர்வு. 21 மி.மீ. பெரிய எஸ்யூவி வைத்திருப்பவருக்கு. 8 மி.மீ. வளைவுகளுக்கு எளிது, ஆனால் நேரம் பிடிக்கும்.

வாங்கும்போது வேறு எதைப் பார்க்க வேண்டும்?

• மின்னழுத்தம்: நம் வீட்டு இணைப்பு 230 வோல்ட். அமெரிக்காவிலிருந்து நண்பர் கொண்டுவரும் மெஷின் 120 வோல்ட்டுக்கானது. நேரடியாகச் செருகினால் மோட்டார் போய்விடும்.

• நிலையான வேகம்: அழுத்தும்போது வேகம் விழாமல் பார்த்துக்கொள்ளும் எலக்ட்ரானிக் கட்டுப்பாடு இருக்கிறதா என்று பாருங்கள். விலை குறைந்த மெஷின்கள் பல சறுக்குவது இங்கேதான்.

• அதிர்வு: ஒரு காரை முழுதாகச் செய்ய ஒரு முழு நாள் ஆகலாம். கை அதிர்வுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002-ம் ஆண்டு விதி, 8 மணி நேர வேலைக்கு 2.5 மீ/வி² என்ற அளவைத் தாண்டினால் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும், 5-ஐத் தாண்டவே கூடாது என்றும் சொல்கிறது. நல்ல நிறுவனங்கள் கையேட்டில் இந்த எண்ணைப் போட்டிருக்கும். நாள் முழுக்க கீபோர்டில் இருக்கும் கை உங்களுடையது, அதனால் பாருங்கள்.

• உதிரிபாகம்: பேக்கிங் பிளேட்டும் கார்பன் பிரஷ்ஷும் தேயும். இங்கே கிடைக்குமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

எவற்றைத் தவிர்க்க வேண்டும்? ஆங்கிள் கிரைண்டரில் ஸ்பாஞ்ச் மாட்டுவது பேராபத்து. சிறிய கிரைண்டர்கள் நிமிடத்துக்கு 11,000 சுற்று வரை ஓடுபவை. இரண்டு கைப்பிடியோடு வரும் பெரிய வட்ட 'வேக்ஸர்' மெழுகு பூசத்தான் உதவும், கீறலை எடுக்காது. திரோ எவ்வளவு என்றே குறிப்பிடாத 'டிஏ'-வைத் தொடாதீர்கள்.

மெஷின் இருந்தால் போதுமா?

போதாது. வெட்டுவது மெஷின் அல்ல, பேட்டும் காம்பவுண்டும்தான். கம்பளி, மைக்ரோஃபைபர் பேட் அதிகம் வெட்டும். ஃபோம் பேட் கடினத்தைப் பொறுத்து மாறும். மென்மையான ஃபோமும் மெல்லிய பாலிஷும் கடைசி மெருகுக்கு. ஒரே பேட்டில் முழு காரையும் முடிக்க முடியாது. சூடும் கழிவும் ஏறிவிடும், குறைந்தது மூன்று நான்கு பேட் வேண்டும்.

அடிப்படை விதி ஒன்றுதான்: குறைவாக வெட்டுவதில் தொடங்கு. பானட்டில் ஒன்றரை, இரண்டு அடி சதுரம் குறித்துக்கொள்ளுங்கள். மென்மையான பேட், மெல்லிய பாலிஷ், நான்கைந்து சொட்டு. கையை நொடிக்கு 2 முதல் 3 செ.மீ. வேகத்தில், குறுக்கும் நெடுக்குமாக நான்கு முதல் ஆறு முறை நகர்த்துங்கள். பேக்கிங் பிளேட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிட்டால், பேட் சுழல்கிறதா நின்றுவிட்டதா என்று தெரியும். பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹால் கரைசலால் துடைத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். எண்ணெய்ப் பசை கீறலை மறைக்கும் என்பதால் துடைக்காமல் முடிவு செய்யாதீர்கள். கடையில் காரை டெலிவரி எடுக்கும்போதும் இதே சோதனையைக் கேளுங்கள். நாலு வாஷில் கீறல்கள் திரும்ப வந்தால், அங்கே நடந்தது கரெக்‌ஷன் இல்லை, பூசி மறைத்தது.

மடிப்பு விளிம்புகளில் பெயின்ட் மெல்லியது, அங்கே டேப் ஒட்டுங்கள். பிளாஸ்டிக் பம்பரில் சூடு சீக்கிரம் வெளியேறாது, அங்கே நிதானம். கழுவி, களிமண் பட்டையால் ஒட்டியிருக்கும் அழுக்கை எடுத்த பிறகே மெஷினைத் தொடுங்கள். நேரடி வெயிலில் செய்யக் கூடாது. கழக்கூட்டத்தில் இரண்டு பருவமழையும் ஓய்ந்த டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான மாதங்கள், கூரையுள்ள பார்க்கிங், இதுதான் தோது.

சரி, வாங்கலாமா வேண்டாமா?

ஒரு தாளில் எழுதுங்கள். மெஷின், பேட், காம்பவுண்ட், துணி எல்லாவற்றின் மொத்தச் செலவு. அதைக் கடையில் ஒரு முறை கரெக்‌ஷனுக்கு மட்டும் கேட்கும் தொகையால் வகுங்கள். கோட்டிங் கட்டணத்தைச் சேர்க்க வேண்டாம். விடை 1 அல்லது அதற்கும் கீழே என்றால் வாங்குவது லாபம். 3, 4 என்று வந்தால், அத்தனை முறை பயன்படுத்தினால்தான் போட்ட காசு திரும்பும்.

சிக்கல் இங்கேதான். மெஷினுக்குக் காசு திரும்பக் கிடைக்க அடிக்கடி பயன்படுத்த வேண்டும். கிளியர் கோட்டோ அடிக்கடி பயன்படுத்த விடாது. ஒரே ஒரு கார் வைத்திருப்பவருக்கு இந்த இரண்டும் ஒத்துவராது. நல்ல மெஷினாக வாங்கி, ஃப்ளாட்டில் மூன்று நான்கு நண்பர்கள் பங்கு போட்டுக்கொண்டால் ஒத்துவரும். வார இறுதியில் நாகர்கோவில், திருநெல்வேலி ஓடும் டிஎன் 74 வண்டிகள் அதே பார்க்கிங்கில் எத்தனை நிற்கின்றன! முதல் பயிற்சியை மட்டும் யாருடைய காரிலும் செய்யாதீர்கள். பணிமனையில் கேட்டு ஒரு பழைய பானட்டை வாங்கிக்கொள்ளுங்கள்.

மெஷின் வாங்குவதோ கடைக்கு விடுவதோ, அதற்கு முன்பு கழுவும் முறை மாற வேண்டும். இல்லையென்றால் சில மாதத்தில் அதே சிலந்தி வலை வந்துவிடும். நீங்கள் மேலும் இரண்டு மைக்ரான் இழப்பீர்கள். முதலில் தண்ணீர் பீய்ச்சி மண்ணை இறக்குங்கள். ஷாம்புக்கு ஒரு வாளி, துணி அலச ஒரு வாளி என்று பிரித்துக்கொள்ளுங்கள். நிழலில் ஈரத்தை ஒற்றி எடுங்கள், போர்வெல் தண்ணீர் காய்ந்தால் கறை விழும்.

நாளைக் காலை உங்கள் காரைத் துடைக்க வருபவரிடம் நாலு சுத்தமான மைக்ரோஃபைபர் துணி கொடுத்து, "அண்ணா, காய்ஞ்ச தூசியைத் துடைக்க வேண்டாம், வாரத்துக்கு ரெண்டு நாள் தண்ணி ஊத்திக் கழுவினா போதும், சம்பளம் அதேதான்" என்று சொல்லிவிடுங்கள். மலையாளத்தில் சொன்னால் இன்னும் நல்லது. பாலிஷர் வாங்குவதை அடுத்த மாதம் யோசித்துக்கொள்ளலாம்.