பயனர் மாதிரியுரு

பயனர் மாதிரியுரு அல்லது பெர்சோனா என்பது ஒரு தொழில்நுட்பப் பொருளைப் பயன்படுத்தும் ஒரு வகையினரைக் குறிக்க வடிவமைப்பாளர்கள் உருவாக்கும் கற்பனை மனிதர் ஆகும். மென்பொருள் வடிவமைப்பாளர் ஆலன் கூப்பர் 1999இல் வெளியிட்ட நூலின் வழியே இம்முறை பரவலானது.

மனிதர் கற்பனை என்றாலும் அவரைப் பற்றிய விவரங்கள் உண்மையாக இருக்க வேண்டும். இதற்காக இனவரைவியல் ஆய்வாளர்கள் மக்களின் வீடுகளுக்கும் பணியிடங்களுக்கும் சென்று, அவர்கள் செய்வதை நேரில் கவனிக்கின்றனர். பலரிடம் திரும்பத் திரும்பக் காணப்படும் பழக்கங்களே மாதிரியுருவாகத் தொகுக்கப்படுகின்றன.

எடுத்துக்காட்டாக, கைபேசி ஒருவருக்கே உரியது என்று எண்ணுவது இயல்பு. ஆனால் வளரும் நாடுகளில் நோக்கியா நடத்திய கள ஆய்வுகள், ஒரே கைபேசியைப் பலர் பகிர்வதைக் காட்டின. இத்தகையோருக்காக, 2007இல் வெளிவந்த நோக்கியா 1200இல் தனித்தனி எண் பட்டியல்களை வைத்துக்கொள்ளும் வசதி தரப்பட்டது. களத்துக்குச் செல்லாமல் எழுதும் மாதிரியுருவில் இவர்கள் விடுபட்டுப் போவர்.