அடுத்த கடைக்காரர் போட்டியா, துணையா?

2011 டிசம்பரைக் கம்பம் பள்ளத்தாக்கு வணிகர்கள் அவ்வளவு எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். முல்லைப் பெரியாறு அணைப் பிரச்சினை முற்றி, குமுளியில் 144 தடை உத்தரவு போட்டார்கள். கம்பம், கூடலூர் பக்கத்து மக்கள் ஆயிரக்கணக்கில் எல்லையை நோக்கித் திரண்டனர். கம்பம்மெட்டு, போடிமெட்டு வழிகளிலும் போக்குவரத்து பாதித்தது. மலைக்கு ஏற வேண்டிய காய்கறி கீழேயே தேங்கியது. இடுக்கி ஏலத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும் நம் ஊர்க் குடும்பங்கள் கூலியின்றி வீட்டில் இருந்தன.

வாரக் கூலி வந்தால்தான் மளிகைப் பாக்கி அடையும் என்பது நமக்குத் தெரியாததல்ல. கூலி நின்றால் பற்று நோட்டு நீளும். அது நீண்டால் சில்லறைக் கடைக்காரர் மண்டிக்குப் பணம் கட்ட முடியாது. மண்டிக்காரர் விருதுநகருக்கும் மதுரைக்கும் அனுப்ப வேண்டிய பணமும் நிற்கும். கடைச் சரக்கு தீப்பிடித்தால் இன்சூரன்ஸ் வரும். இதற்கு எந்தக் கம்பெனி பாலிசி தரும்?

நம் முன்னோர் இதற்கு வழி வைத்திருந்தார்கள். விருதுநகர், சிவகாசி வட்டார நாடார் வணிகர்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே வியாபாரத்தில் ஒரு சிறு பங்கை மகமையாக எடுத்துப் பொது நிதியில் சேர்த்தனர். பள்ளிக்கூடங்கள் அதில் எழும்பின. தேனியிலும் உறவின்முறை நடத்தும் கல்வி நிலையங்களை நாம் பார்க்கிறோம். ஆனால் அது ஒரு சமூகத்துக்குள் நின்ற ஏற்பாடு. இன்று நம் கடைத்தெருவில் நாடார் கடைக்கு அடுத்து ராவுத்தர் கடை, எதிரே கவுண்டர் கடை. ஆகவே மகமையைத் தெருவாரியாக எடுப்பதே சரி என்பேன். பத்துக் கடை சேர்ந்து நாளுக்குப் பத்து ரூபாய் ஒதுக்கினால் வருடத்தில் 36,500 ரூபாய். பெரிய தொகை அல்லதான். ஆனாலும் ஒரு கடைக்காரர் ஆஸ்பத்திரியில் கிடக்கும் வாரத்தில் அது பெரிது.

பணத்தைவிடப் பேச்சு முக்கியம். ஒரே குடும்பம் மூன்று கடையில் பாக்கி வைத்திருக்கும். மூவரும் ஒரே நாளில் வாசலில் போய் நின்றால் அந்தக் குடும்பம் இரவோடு இரவாக ஊரை விட்டுப் போகும், மூன்று பாக்கியும் போகும். முன்கூட்டிப் பேசிக்கொண்டு வாரம் ஒருவராக வாங்கினால் மூவருக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வந்து சேரும். இதை வெட்கப்பட்டுக்கொண்டு நாம் பேசுவதில்லை. சர்க்கரை தீர்ந்தால் பக்கத்துக் கடையில் ஒரு மூட்டை கைமாற்று வாங்கவும் கௌரவம் பார்க்கிறோம். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து சரக்கு லாரி தாமதமானபோது, அப்படிக் கைமாற்றுப் பழக்கம் உள்ள தெருக்கள் எவ்வளவு சுலபமாகச் சமாளித்தன என்று நினைத்துப் பாருங்கள்.

மலை மேல் உள்ள வணிகர்களும் நமக்கு அக்கம்பக்கத்தார்தான். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் இடுக்கி சீர்குலைந்தபோது தமிழ்நாட்டிலிருந்து அரிசியும் துணியும் லாரிகளில் ஏறிப் போயின. ஏழு ஆண்டுக்கு முன் நடந்த சண்டையை அப்போது யாரும் பார்க்கவில்லை. குமுளி, கட்டப்பனை, நெடுங்கண்டம் வியாபாரிகளின் போன் நம்பர் நம்மில் எத்தனை பேரிடம் இருக்கிறது? சரக்கு கேட்க மட்டுமல்ல, பாதை திறந்திருக்கிறதா, அங்கே நிலைமை எப்படி என்று விசாரிக்கவும் ஒரு ஆள் வேண்டும். பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு பெயராவது எழுதி வையுங்கள். ஓணத்துக்கு ஒருமுறை, பொங்கலுக்கு ஒருமுறை கூப்பிட்டுப் பேசுங்கள்.