'சமைத்துப் பார்' தந்த மீனாட்சி அம்மாள்

எஸ். மீனாட்சி அம்மாள் (1905–1962) எழுதிய 'சமைத்துப் பார்' 1951இல் சென்னையில் வெளிவந்தது. தமிழில் மிக அதிகமாகப் புழங்கிய சமையல் நூல்களில் அது ஒன்று. சமையல் புத்தகம் தமிழுக்கு அப்போது புதிதல்ல. பாகசாஸ்திர நூல்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அச்சேறியிருந்தன. ஆனால் அடுப்பங்கரையில் முதன்முறை நிற்கும் பெண்ணை மனத்தில் வைத்து எழுதியதால் மீனாட்சி அம்மாளின் நூல் பல வீடுகளில் இடம்பிடித்தது.

இளம் வயதிலேயே கணவரை இழந்த அவர், குடும்பப் பொறுப்பைச் சுமந்தபடியே வாழ்ந்தவர். அவருடைய கைப்பக்குவம் உறவினரிடையே பேர்பெற்றிருந்தது. பக்குவம் கேட்டு வரும் கடிதங்களுக்குத் தனித்தனியே பதில் எழுதுவதைவிடப் புத்தகமாகவே எழுதிவிடலாம் என்று ஊக்கப்படுத்தியவர், உறவினரும் சென்னையின் பிரபல வழக்கறிஞருமான கே. வி. கிருஷ்ணசுவாமி ஐயர்.

அந்தக் காலத்தில் சமையல் மாமியாரிடமிருந்து மருமகளுக்குக் கண்ணும் கையுமாகப் போய்ச்சேர்ந்த கலை. புளி எலுமிச்சம்பழ அளவு, உப்பு கைக்குத் தெரிந்த அளவு என்பதே வழக்கம். வேலை நிமித்தம் குடும்பங்கள் பம்பாய்க்கும் டெல்லிக்கும் பெயர்ந்து, பெரியவர்கள் ஊரிலேயே தங்கிவிட்டபோது, அருகில் நின்று சொல்லித்தர ஆளில்லாமல் போனது. அந்தக் குறையை நூல் தீர்த்தது. அரிசி, பருப்புக்கு ஆழாக்கு, எடைக்குப் பலம், வீசை என்று அளவு சொல்லி, எதை முதலில் வறுப்பது, எப்போது அரைத்து விடுவது என்பதையும் வரிசையாக விளக்கியது. 8 ஆழாக்கு ஒரு படி. 40 பலம் ஒரு வீசை, அதாவது சுமார் 1.4 கிலோ. 1950களின் பிற்பகுதியில் மெட்ரிக் அளவு நடைமுறைக்கு வந்தபின் பிறந்தவர்களுக்கு இந்த அளவுகளே ஒரு புதிராயின.

நூல் மூன்று பாகங்களாக வளர்ந்தது. சாம்பார், ரசம், கூட்டு, பொரியலோடு பலகாரம், ஊறுகாய், வடாம் ஆகியவற்றுக்கும் பண்டிகைச் சமையலுக்கும் அதில் இடமுண்டு. புதுமணப் பெண்ணுக்குச் சீரோடு இந்தப் புத்தகத்தையும் கொடுத்தனுப்பும் வழக்கம் பல வீடுகளில் உருவானது. ஆங்கிலப் பதிப்பு அதைக் கடல்கடந்த தமிழ்க் குடும்பங்களுக்கும் கொண்டுசேர்த்தது. மீனாட்சி அம்மாளின் குடும்பத்தைச் சேர்ந்த பிரியா ராம்குமார் இக்காலச் சமையலறைக்கு ஏற்ப அளவுகளை மாற்றித் தொகுத்த ஆங்கில நூல் 2001இல் வெளிவந்தது.

நூலின் எல்லையும் தெளிவானது. அது பதிவுசெய்தது தமிழ்ப் பிராமண வீடுகளின் சைவச் சமையலை. விழுப்புரம் மாவட்டத்து முகையூர்ப் பக்கத்து வீடுகளில் மணக்கும் கருவாட்டுக் குழம்பையும் நாட்டுக்கோழிக் குழம்பையும் அதில் தேடிப் பயனில்லை. அத்தகைய வட்டாரச் சமையல் இன்னும் பெரும்பாலும் கைவழியாகவே தொடர்கிறது. அதை எழுத்தில் கொண்டுவர நினைப்பவருக்கு மீனாட்சி அம்மாளின் முறையே நல்ல முன்மாதிரி: சமைப்பவரின் கையளவை எடைபோட்டு, செய்முறையைப் படிப்படியாக எழுதுவது.