மேடும் பள்ளமும் பூஜ்யமும்



இண்டக்ரேஷன் என்றாலே நம்மில் பலருக்கு வயிற்றில் புளி கரைக்கும். சூத்திரங்களை மனப்பாடம் செய்தே எனக்கு முதல் வருஷக் கணக்கில் அரியர் விழுந்தது. அப்போது கணக்கு சார் சொன்ன ஒரு தேற்றம் மட்டும் தலையில் ஏறவே இல்லை: தொடர்ச்சியான ஒரு சார்பு எங்கும் குறை எண்ணாக இல்லாமல், அதன் தொகையீடு பூஜ்யமானால், அந்தச் சார்பு எல்லா இடத்திலும் பூஜ்யமே.

என் அப்பா கொத்தனார். பள்ளிக்கூடம் போனதில்லை. லீவில் அவரோடு வேலைக்குப் போவேன். ஒருநாள் தளம் பூசும்போது மட்டப்பலகையை ஓட்டிப் பார்த்துச் சொன்னார்: "மேடுன்னு இருந்தா அதுக்கு அகலம் இருக்கும்டா. அகலம் இருந்தா கலவையைத் தின்னும்."

எனக்குச் சட்டென்று விளங்கியது. செலவான கலவை பூஜ்யம் என்றால் மேடே இல்லை. சார் சொன்னதும் அதுதானே!

நிரூபணம் இதோ. ஏதோ ஒரு புள்ளியில் சார்பின் மதிப்பு 6 என்று வைத்துக்கொள்வோம். தொடர்ச்சி இருப்பதால் அது திடீரென்று பூஜ்யத்துக்குக் குதிக்க முடியாது. அந்தப் புள்ளியை ஒட்டிக் கொஞ்ச அகலத்துக்காவது மதிப்பு 3-க்கு மேலேயே இருக்கும். அந்த அகலம் 0.01 என்றாலும் பரப்பு 0.03-க்குக் குறையாது. வேறெங்கும் குறை எண் இல்லாததால் அதைக் கழித்துவிட வழியில்லை. ஆகவே தொகை பூஜ்யமாகாது. முரண்பாடு! 6-க்குப் பதில் எந்த மிகை எண்ணை எடுத்தாலும், அதன் பாதியை வைத்து இதே கதைதான்.

இரண்டு நிபந்தனையும் அவசியம். தொடர்ச்சி இல்லையென்றால் ஒரே புள்ளியில் ஊசி மாதிரி 6 நிற்கலாம். அகலம் கிடையாது, பரப்பும் கிடையாது. குறை எண் வந்தால் மேட்டைச் சுரண்டிப் பள்ளத்தில் போட்ட கதை. சைன் அலையின் தொகை ஒரு முழுச் சுற்றில் பூஜ்யமாவது அப்படித்தான்.

வீட்டுக்கு வரும் ஏ.சி. கரண்டின் சராசரியும் பூஜ்யமே. பிறகு எப்படி பல்பு எரிகிறது? வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வர்க்கம் குறை எண்ணாகாது. ஆகவே கரண்ட் ஓடினால் அதன் தொகை பூஜ்யமாகாது. அந்த வர்க்கத்தின் சராசரிக்கு மூலம் எடுப்பதுதான் ஆர்.எம்.எஸ். மின்னழுத்தத்துக்கும் அப்படியே: உச்சம் சுமார் 325 வோல்ட், ஆர்.எம்.எஸ். 230 வோல்ட்.

இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். "இதைப் படிக்கவா காலேஜுக்குப் போற?" என்று சிரித்தார். பிறகு, "மறுபடி ஒரு தடவை சொல்லு" என்றார்.

சொன்னேன். புத்தகத்தைப் பார்க்காமலே வந்தது. வரும் ஏப்ரலில் அந்த அரியரை எழுதுகிறேன். நீங்களும் ஒரு தேற்றத்தை வீட்டில் சொல்லிப் பாருங்கள், தோழர்களே!